மருத்துவ ஆய்வும் அறநெறியும்: காசநோய் வரலாற்றின் வழியே ஒரு பாடம்

புதிய மருந்தொன்று நோயைத் தீர்க்குமா என்பதை அறிய வேண்டுமாயின், அதனை யாரேனும் முதலில் உண்டு பார்த்தாக வேண்டும். அவ்வாறு உண்பவர் யார்? அவருக்கு உண்மை முழுவதும் சொல்லப்பட்டதா? மருந்து தரப்படாமல் விடப்பட்டவர் யார்? மருந்து நல்லதென்று தெளிந்த பின்னர் அது யாருக்குக் கிடைக்கிறது? இந்நான்கு வினாக்களையும் உள்ளத்தில் இருத்திக்கொண்டு இப்பாடத்தைப் படிக்குமாறு வாசக அன்பர்களை வேண்டுகிறேன்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட முதல் விதி. ஆதலின் நம்மவர் அனைவரும் பெயரளவிலேனும் அறிந்த ஒரு நோயையே எடுத்துக்கொள்கிறேன். சயரோகம் என்றும் எலும்புருக்கி என்றும் நம் பாட்டிமார் தாழ்ந்த குரலில் குறிப்பிட்ட காசநோயே அது. சம்பந்தம் பேசுமுன் அவ்வீட்டில் யாருக்கேனும் அந்நோய் இருந்ததா என்று மறைவாக விசாரிக்கும் வழக்கம் இருந்ததை மூத்தோர் அறிவர்.

காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த செய்தியை ராபர்ட் காக் 1882-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24-ஆம் நாள் பெர்லின் நகரில் அறிவித்தார். கிருமி தெரிந்தும் மருந்து தெரியாமல் அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. தூய காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியனவே மருத்துவமாக இருந்தன. அவற்றை அளிப்பதற்கென்றே ஊருக்கு வெளியே சானடோரியம் என்னும் மருத்துவ இல்லங்கள் எழுந்தன. டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928-இல் தாம்பரத்தருகே அத்தகைய இல்லம் ஒன்றை நிறுவினார். மின்சார இரயிலில் அவ்வழியே செல்வோர் ‘சானடோரியம்’ என்னும் நிலையப் பெயரை நாள்தோறும் காண்கின்றனர்; அது ஒரு நோயின் நினைவுச் சின்னம் என்பதை எத்தனை பேர் அறிவர்?

மருந்து வருமுன்னரே காசநோய் ஆய்வில் கொடுமைகள் நேர்ந்தன. 1930-இல் செர்மனியின் லூபெக் நகரில் ஏறத்தாழ 250 பச்சிளங் குழந்தைகளுக்குக் காசநோய்த் தடுப்பு மருந்து வாய்வழியே புகட்டப்பட்டது. அதனை அணியப்படுத்திய ஆய்வுக்கூடத்தில் வீரியமுள்ள நோய்க்கிருமி அதனோடு கலந்துவிட்டது. 70-க்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டன. அடுத்த ஆண்டு அந்நாட்டரசு, மனிதர்மீது செய்யப்படும் புதிய மருத்துவத்திற்கு விதிமுறைகளை வெளியிட்டது. நோயாளிக்குத் தெளிவாக எடுத்துரைத்து இசைவு பெறவேண்டும், வறியவரின் இல்லாமையைப் பயன்படுத்திக்கொள்ளுதல் கூடாது என்றெல்லாம் அவ்விதிகள் கூறின. எத்துணை நல்ல விதிகள்! ஆயினும் அவை ஏட்டில் இருக்கும்போதே, அந்நாட்டின் நாயன்காம் சிறைமுகாமில் யூதக் குழந்தைகள் 20 பேருக்கு உயிருள்ள காசநோய்க் கிருமிகளைச் செலுத்தினார் ஒரு மருத்துவர். போர் முடியும் தறுவாயில், 1945 ஏப்பிரலில், தடயத்தை மறைக்கும் பொருட்டு அக்குழந்தைகள் அனைவரும் கொல்லப்பட்டனர். முகாம் மருத்துவர்கள் பிறர்மீது நடந்த வழக்கின் முடிவில், 1947-இல், நூரம்பர்க் நெறிமுறை பிறந்தது. ஆய்வுக்கு உட்படுவோரின் தன்னிச்சையான இசைவு இன்றியமையாதது என்பதே அதன் முதல் விதி.

இனி மருந்துக்கு வருவோம்.

அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் 1943-இல் ஆல்பர்ட் சாட்ஸ் என்னும் ஆய்வு மாணவர், பேராசிரியர் செல்மன் வாக்ஸ்மனின் வழிகாட்டுதலில், மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தார். 1952-இல் நோபல் பரிசு ஆசிரியருக்கு மட்டுமே கிடைத்தது. மாணவர் அதற்கு முன்னரே நீதிமன்றம் சென்றுதான் தம் பங்கை நிலைநாட்ட வேண்டியிருந்தது. (நாற்பது ஆண்டுகள் ஆசிரியத் தொழில் செய்தவள் என்னும் முறையில் இச்செய்தி எனக்கு வருத்தம் தருவது.) ஒன்றை மட்டும் வாக்ஸ்மனின் நற்செயலாகச் சொல்லவேண்டும். மருந்தின் தனியுரிமை முதலில் ஒரே நிறுவனத்திற்கு உரியதாக இருந்தது. அவர் அந்நிறுவனத்தை இணங்கச் செய்து உரிமையைப் பல்கலைக்கழக அறக்கட்டளைக்கு மாற்றினார். பல நிறுவனங்கள் அம்மருந்தைச் செய்யத் தொடங்கவே விலை வீழ்ந்தது.

போருக்குப் பின் பிரிட்டனில் நோயாளிகள் மிகுதி. மருந்து மிகச் சிறிது. வெளிநாட்டிலிருந்து வாங்குவதற்கு டாலர் இல்லை. அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார், கையிலிருந்த மருந்தின் ஒரு பகுதியை, வேறு எவ்வகையாலும் பிழைக்க இயலாத மூளைக் காய்ச்சல் வகைக் காசநோயினருக்கு ஒதுக்கினர். எஞ்சியதைக் கொண்டு நுரையீரல் காசநோயில் ஓர் ஆய்வு நடத்தினர். இரு நுரையீரல்களும் கடுமையாகத் தாக்கப்பட்ட இளவயதினர் 107 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். யாருக்கு மருந்து, யாருக்கு ஓய்வு மட்டும் என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை. புள்ளியியல் அறிஞர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் வகுத்த முறைப்படி, முத்திரையிட்ட உறைக்குள் இருந்த சீட்டே முடிவு செய்தது. 55 பேருக்கு மருந்து கிடைத்தது. 52 பேருக்குக் கிடைக்கவில்லை. ஆறு திங்கள் சென்றபின் கணக்கெடுத்தபோது, மருந்து பெற்றோரில் 4 பேரும் பெறாதோரில் 14 பேரும் இறந்திருந்தனர். 1948 அக்டோபரில் வெளியான இவ்வறிக்கை, சீட்டு முறையில் அமைந்த மருத்துவ ஆய்வுகளுக்கு முன்மாதிரியாகக் கொள்ளப்படுகிறது.

இவ்விடத்தில் ஏட்டை மூடிவைத்துவிட்டு, வீட்டிலுள்ள பிள்ளைகளிடம் ஒரு வினாவைக் கேளுங்கள். ஒருவருக்குப் போதிய மருந்தே கையில் உள்ளது, நோயாளிகள் இருவர். யாருக்குக் கொடுப்பாய்? சிறுவருக்கு என்பான் ஒருவன். நோய் முற்றியவருக்கு என்பாள் ஒருத்தி. முதலில் வந்தவருக்கு என்று சொல்லும் பிள்ளையும் உண்டு. நான் வகுப்பில் இவ்வினாவைக் கேட்டபோதெல்லாம் ‘இருவருக்கும் பாதி பாதி’ என்று சொல்லும் குழந்தை ஒன்று தவறாமல் இருந்தது. அவ்விடை கேட்பதற்கு இனிது. ஆயினும் அரை அளவு மருந்து இருவரையும் காவாது. கிருமிக்கு மருந்தை எதிர்க்கும் ஆற்றலையே கற்றுக்கொடுக்கும்.

எனது கருத்து இது. மருந்து எல்லோருக்கும் போதாத நிலையில் திருவுளச் சீட்டு முறையைக் குற்றமாகச் சொல்ல இயலாது. செல்வாக்கும் பரிந்துரையும் தீர்மானிப்பதைவிடச் சீட்டு நடுநிலையானது. அதன் பயனாக, பின்வரும் இலட்சக்கணக்கானோருக்கு உதவும் உறுதியான அறிவும் கிட்டியது. ஆனால் மருந்து பெறாத 52 பேருக்கும் தாங்கள் ஓர் ஆய்வின் பகுதி என்பதே சொல்லப்படவில்லை. நூரம்பர்க் நெறிமுறை வெளியான அதே ஆண்டில், அதனை வகுத்த அணியைச் சேர்ந்த நாட்டிலேயே இது நடந்தது. சொன்னால் நோயாளி மனம் தளர்வார் என்று அக்கால மருத்துவர்கள் எண்ணினர். அவ்வெண்ணத்தில் இரக்கம் உண்டு, மதிப்பு இல்லை.

செல்வாக்கு உடையோர்க்கு வேறு வழி இருந்தது. ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1948-இல் ஸ்காட்லாந்தில் காசநோயால் மருத்துவமனையில் கிடந்தார். பத்திரிகை உரிமையாளரான நண்பர் ஒருவர் முயன்று, அமைச்சரின் இசைவும் பெற்று, அமெரிக்காவிலிருந்து அவருக்காக ஸ்ட்ரெப்டோமைசின் வருவித்தார். மருந்து அவர் உடலுக்கு ஒவ்வவில்லை. தோல் உரிந்தது, வாயில் புண் கண்டது. மருந்தை நிறுத்தினர், மீதி வேறு நோயாளிகளுக்குச் சென்றது. 1950 சனவரியில் அவர் காலமானார். சீட்டுக்குக் காத்திருந்தோரையும் இவரையும் அருகருகே வைத்து எண்ணிப் பாருங்கள். இவர்மீது எனக்குக் குறையில்லை. உயிர் போகும் நேரத்தில் நண்பர் கொணர்ந்த மருந்தை மறுப்பவர் யார்? ஆயினும் மருந்தின் பங்கீடு நட்பைச் சார்ந்திருக்கும் முறை நல்ல முறையாகாது.

அந்த 55 பேரின் பிற்கதை துன்பமானது. ஐந்தாண்டுகளுக்குள் அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தனர். தனித்து அளிக்கப்பட்ட மருந்தைக் கிருமி எதிர்க்கக் கற்றுக்கொண்டதே காரணம். இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்தளிக்கும் இன்றைய முறை அவ்விழப்பிலிருந்தே பிறந்தது.

மருந்து மிகுதியாகக் கிடைத்த பின்னரும் அதனை மறுத்தது வேறு வகைக் குற்றம். அமெரிக்காவின் டஸ்கீகி என்னுமிடத்தில் 1932 முதல் 1972 வரை, மேகநோயுற்ற கறுப்பின ஆடவர் 399 பேரை, நோய் எவ்வாறு முற்றுகிறது என்று காண்பதற்காகவே அரசு மருத்துவத் துறையினர் மருத்துவமின்றி விட்டுவைத்தனர். 1940-களின் பிற்பகுதியில் பெனிசிலின் எங்கும் கிடைத்தது. அவர்களுக்கு மட்டும் கிடைக்காதபடி பார்த்துக்கொண்டனர். பற்றாக்குறையால் பங்கிடுவதற்கும், உள்ளதை ஒளிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்விரு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன. மதித்தல், நன்மை செய்தல், நீதி என்னும் மூன்று நெறிகளைக் கூறும் பெல்மான்ட் அறிக்கை 1979-இல் அமெரிக்காவில் வெளிவந்ததற்கு டஸ்கீகியே தூண்டுகோல்.

நம் சமயத்தவர் தவறாமல் எழுப்பும் மற்றொரு வினாவும் உண்டு. ஸ்ட்ரெப்டோமைசின் மனிதருக்குத் தரப்படுமுன் கினிப்பன்றி என்னும் வாயில்லாச் சிற்றுயிர்களுக்கு நோயூட்டிச் சோதிக்கப்பட்டது. கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட நாம் இதனை எவ்வாறு ஏற்பது? மருந்து உண்ணமாட்டோம் என்று கூறுவோரை நான் பழிப்பதில்லை. ஆனால் நோயுற்ற குழந்தைக்கு மருந்தை மறுக்கும் உரிமை எவர்க்கும் இல்லை என்பேன். 1959-இல் ரசல், பர்ச் என்னும் இரு ஆங்கிலேயர், இயன்ற இடத்தில் விலங்குகளுக்கு மாற்றுக் காண்க, எண்ணிக்கையைக் குறைக்க, வேதனையைத் தணிக்க என்னும் மூன்று கடமைகளை வகுத்தனர். விலங்குச் சோதனை கட்டாயம் என்னும் விதியை அமெரிக்கா 2022 இறுதியில் தளர்த்தியது; நம் நாட்டிலும் 2023-இல் மாற்று முறைகளுக்கு விதிகளில் இடம் தரப்பட்டது. உயிரணுக்களை வளர்த்தும் கணிப்பொறியாலும் செய்யும் சோதனைகள் பெருகி வருகின்றன. ஆய்வுத்துறைக்குச் செல்லும் நம் இளைஞர் இப்பணியை மேற்கொள்வாராயின் அது நம் மரபுக்கு ஏற்ற தொண்டாகும்.

இனி நம் ஊரிலேயே நடந்த ஓர் ஆய்வைக் காண்போம். 1950-களில் இந்தியாவில் காசநோயாளிகள் இலட்சக்கணக்கில் இருந்தனர். சானடோரியப் படுக்கைகளோ ஆயிரக்கணக்கில். எல்லோரையும் படுக்கையில் கிடத்தி மருத்துவம் செய்வதென்றால் நூறாண்டு ஆனாலும் முடியாது. வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் என்ன? நல்லுணவும் ஓய்வும் இன்றி நோய் தீருமா? ஓரறை வீட்டில் உடனுறையும் குழந்தைகளுக்கு நோய் தொற்றாதா? இவ்வையங்களைத் தீர்ப்பதற்காக 1956-இல் சென்னையில் காசநோய் வேதி மருத்துவ மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் அதில் இணைந்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் வழிநடத்தினார்.

சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேர் சீட்டு முறையில் இரு கூறாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு கூறினர் ஓராண்டு சானடோரியத்தில் தங்கினர். மறு கூறினர் தம் வீட்டிலேயே இருந்தனர். முந்தைய ஆய்வினின்று இது வேறுபடும் இடத்தைக் கூர்ந்து நோக்குக. இங்கு மருந்து பெறாதவர் எவருமில்லை. இரு சாராருக்கும் ஐசோனியசிட், பாஸ் என்னும் ஒரே மருந்துகள். வேறுபட்டவை இடமும் உணவும் ஓய்வுமே. வீட்டிலிருந்தோர் மருந்தை ஒழுங்காக உட்கொள்கின்றனரா என்று அறியப் பணியாளர் முன்னறிவிப்பின்றி வீடு தேடிச் சென்றனர். சானடோரியத்தில் இருந்தோர் நன்கு உண்டு உடல் எடை கூடினர்; வீட்டிலிருந்தோர் பலர் குறைந்த உணவோடு வேலைக்கும் சென்றனர். எனினும் 1959-இல் முடிவு வெளியானபோது, நோய் தணிந்தோரின் அளவில் இரு கூறினருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்ததில், வீட்டிலிருந்தோரின் குடும்பத்தாருக்கு நோய் மிகுதியாகத் தொற்றவும் இல்லை.

இவ்வாய்வை நான் உயர்வாக மதிப்பதற்குக் காரணம், அது யாருடைய வினாவுக்கு விடை தேடியது என்பதே. படுக்கை கிடைக்காத ஏழையின் வினா அது; அதன் பயனும் முதலில் அவனுக்கே கிட்டியது. பின்னர்ச் செல்வ நாடுகளிலும் சானடோரியங்கள் மூடப்பட்டன. கணவனைப் பிரிந்து, குழந்தையைப் பிரிந்து, ஈராண்டு மூன்றாண்டு என்று கிடந்த பெண்கள் வீடு திரும்பினர். அறத்தின் நோக்கில் குறை இல்லாமல் இல்லை. நோயாளியின் எழுத்து மூலமான இசைவு, தனித்த அறநெறிக் குழு ஆகியவற்றுக்கு நம் நாட்டில் அப்போது விதியே இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தன் முதல் அறநெறி அறிக்கையை வெளியிட்டது 1980-இல்தான். சேத்துப்பட்டில் உள்ள அந்நிறுவனம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரில் இயங்குகிறது.

அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த மூத்தோருக்கு 1968 முதல் 1971 வரை ஊர்தோறும் நடந்த பி.சி.ஜி. ஊசி நினைவிருக்கலாம். 2,50,000-க்கும் மேற்பட்டோர் அவ்வாய்வில் இடம்பெற்றனர். அவ்வூசி பெரியோரின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்பதே முடிவு. எதிர்பார்த்ததற்கு மாறான அம்முடிவை மறைக்காமல் உலகறிய வெளியிட்டனர். தோற்ற ஆய்வை வெளியிடுவதும் அறமே. இல்லையேல் அத்தனை பேர் கையை நீட்டியதற்குப் பொருளில்லை.

அண்மைக் காலத்தில் வினா மருந்தின் விலைக்கு மாறியது. பழைய மருந்துகளுக்கு மசியாத காசநோய்க்குப் பெடாகுயிலின் என்னும் மாத்திரை 2012 இறுதியில் அமெரிக்காவில் இசைவு பெற்றது. நாற்பதாண்டுகளுக்குப் பின் வந்த புதுவகை மருந்து அது. அதற்கு முன் இத்தகைய நோயினருக்கு மாதக்கணக்கில் ஊசி போடுவர்; பலர் செவிப்புலனை இழந்தனர். இந்தியாவில் 2016-இல் அம்மாத்திரை ஆறு மையங்களில் மட்டும் கட்டுப்பாட்டோடு வழங்கப்பட்டது. வேற்று மாநிலத்து இளம்பெண் ஒருவருக்கு, அந்நகரத்தவர் அல்லர் என்று மருந்து மறுக்கப்படவே, தந்தை தில்லி உயர்நீதிமன்றத்தை நாடினார். 2017 சனவரியில் மருந்து தர இணக்கம் ஏற்பட்டது. மருந்து வந்தது, காலம் கடந்து வந்தது. அப்பெண் மறு ஆண்டில் இறந்தார்.

மறுத்தவர்கள் பக்கத்தையும் கேட்பது நேர்மை. கண்டபடி வழங்கினால் இப்புதிய மருந்தையும் கிருமி எதிர்க்கக் கற்றுவிடும் என்று அவர்கள் அஞ்சினர். ஸ்ட்ரெப்டோமைசின் வரலாற்றைப் படித்த நாம் அவ்வச்சம் வீண் என்று சொல்ல இயலாது. ஆனால் மருந்தைக் காப்பதற்குத் தக்க கண்காணிப்பு வேண்டும். முகவரிச் சான்று அதற்கு அளவுகோல் ஆகாது.

நம் நாட்டின் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்து செய்யும் முறைக்கே உரிமை தந்தது. மருந்துப் பொருளுக்குத் தரவில்லை. அதனாலேயே மலிவு மருந்து இங்குப் பெருகியது. உலக வணிக உடன்படிக்கைப்படி 2005 முதல் பொருளுக்கும் உரிமை வந்தது. எனினும், அறிந்த பொருளைச் சிறிது மாற்றிப் புதிதென்று காட்டி உரிமைக் காலத்தை நீட்டுவதைத் தடுக்க 3(ஈ) என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. (ஆங்கிலச் சட்டத்தில் ‘டி’ எனப்படுவது.) புற்றுநோய் மருந்து வழக்கில் 2013-இல் உச்சநீதிமன்றம் அப்பிரிவை நிலைநாட்டியது. பெடாகுயிலினின் உரிமையை 2023-க்குப் பின்னும் நீட்டிக்க அதன் நிறுவனம் விண்ணப்பித்தபோது, மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலே ஆகிய இரு பெண்கள் 2019-இல் எதிர்மனு அளித்தனர். காசநோயிலிருந்து மீண்ட அவ்விருவரும் ஊசி மருந்தால் செவிப்புலன் பறிபோனவர்கள். 2023 மார்ச்சில் காப்புரிமை அலுவலகம் நிறுவனத்தின் விண்ணப்பத்தை நிராகரித்தது. அவ்வாண்டு சூலையில் மூல உரிமையும் முடிவடைந்தது. பிற நிறுவனங்கள் செய்யத் தொடங்கியதும் பன்னாட்டுக் கொள்முதலில் ஆறு மாத மருந்தின் விலை 130 டாலருக்கு இறங்கியது. வாக்ஸ்மன் இணக்கத்தால் செய்ததை இப்பெண்கள் சட்டத்தால் செய்தனர் எனலாம். புதியன காணும் நிறுவனத்திற்கு ஊதியம் வேண்டாமா எனின், வேண்டும். அதற்கெனவே இருபதாண்டு உரிமை உள்ளது. கேள்வி அதற்கு மேலும் நீட்டுவதைப் பற்றியதே.

உணவும் மருந்தே என்பதை இல்லறத்தார் அறிவர். நம் மரபு உரைக்கும் நால்வகைத் தானத்துள் உணவும் மருந்தும் அடுத்தடுத்து வருகின்றன. சார்க்கண்டு மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை, 2,800 நோயாளிகளையும் அவர்தம் குடும்பத்தார் 10,345 பேரையும் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. சென்னை நிறுவனத்துக்கும் அதில் பங்குண்டு. நோயாளிகள் அனைவருக்கும் உணவுப் பொருள் தரப்பட்டது. குடும்பத்தாரில் ஒரு சாராருக்கு மட்டும் கூடுதல் உணவு கிடைத்தது. அவர்களிடையே புதிதாக நோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. பட்டினி கிடக்கும் குடும்பங்களில் ஒரு சாராருக்கு உணவைத் தராமல் ஒப்பிடுவது தகுமா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. நோயாளியையாவது அவர்கள் விட்டுவிடவில்லை. அரசு தராத ஒன்றின் பயனை எண்ணால் காட்டினாலன்றி அரசு அசையாது என்பது ஆய்வாளர் தரப்பு விடை. அவ்விடை எனக்கு முழு நிறைவு தரவில்லை. வேறு நல்ல விடையும் கிடைக்கவில்லை. படிப்பு வட்டங்களில் இதனைப் பேசிப் பாருங்கள்.

நம் குடும்பத்தில் ஒருவரை ஆய்வுக்கு அழைத்தால் செய்யவேண்டுவன சில உண்டு. அவ்வாய்வு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவானதா என்று பதிவெண்ணைக் கேட்டறிக. 2009 முதல் மருந்து ஆய்வுகளுக்குப் பதிவு கட்டாயம். 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வால் ஊறு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு. ஆய்வு முடிந்த பின் அம்மருந்து தொடர்ந்து தேவைப்படுமாயின், மருத்துவரின் பரிந்துரையும் அறநெறிக் குழுவின் இசைவும் கொண்டு இலவசமாகப் பெறவும் அவ்விதிகள் இடம் தருகின்றன. இதனைக் கேட்பவர் மிகச் சிலரே. இசைவுப் படிவத்தை அங்கேயே கையெழுத்திட்டுத் தரவேண்டும் என்பதில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, கண்ணாடி அணிந்து, ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்க, ஐயமுள்ள வரிகளைக் கோடிட்டு மறுநாள் மருத்துவரிடம் கேளுங்கள். படிவம் தமிழில் தரப்படவேண்டும். கையெழுத்திட்ட பின் அதன் ஒரு படி நோயாளியின் கையில் இருக்கவேண்டும். எந்நாளில் வேண்டுமாயினும், காரணம் கூறாமலே, ஆய்விலிருந்து விலகிக்கொள்ளலாம் என்னும் வரி அதில் உள்ளதா என்று முதலில் பாருங்கள்.